எழுபது ஓடுதா, எழுபது அடைச்சிருக்கா: கழுத்து டாப்ளர் ரிப்போர்ட்டை வாசிக்கிற வழி

எங்கப்பாவின் டாப்ளர் ரிப்போர்ட் (கழுத்துக் குழாயில் ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கிற ஸ்கேன்) 12 நாள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. வாங்கி வந்தவர் என் மாமா. "எழுபது பெர்சன்ட்னு போட்டிருக்குது கண்ணு. எழுபது பெர்சன்ட் ரத்தம் ஓடுதுன்னா அறுபத்துமூணு வயசுக்கு அது போதாதா? உங்கிட்ட சொல்லி எதுக்குப் பயமுறுத்தறதுன்னு வச்சுட்டேன்" என்றார். நான் அப்போது கைக்குழந்தையோடு ராசிபுரத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். 13-ஆம் நாள் சேலம் அம்மாபேட்டைக்கு வந்து உறையைப் பிரித்தால், எழுபதுக்குப் பக்கத்தில் ஸ்டெனோசிஸ் என்று ஒரு சொல். குறுகல் என்று அர்த்தம். இடது பக்கக் கழுத்துக் குழாயில் எழுபது சதவீதம் அடைத்துக் கிடந்தது.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்த இடத்தில் "சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க" என்பதைத் தவிர ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே இந்தத் தொழிலில் இருந்தும் என் வீட்டிலேயே இப்படி. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 24 வருஷமாக ரேடியோகிராபர் வேலை. சிடி நான்தான் ஓட்டுவேன். டாப்ளர் என்றால் ப்ரோபை, அதாவது கழுத்தில் வைத்து நகர்த்துகிற கருவியை, பிடிப்பது டாக்டர். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எண்களை அடிப்பேன். அந்த எண்களை வீட்டில் இருப்பவர்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்று கவுண்டரில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரையை மாற்றுவதும், ஆபரேஷனா இல்லையா என்பதும் டாக்டர் பாடு. அதற்குள் நான் போகவில்லை.

மூளைக்கு எவ்வளவு வேண்டும்

பெரியவர்களின் மூளை 1,400 கிராம் சொச்சம். உடம்பு எடையில் 2 சதவீதம். ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அது வாங்கிக்கொள்ளும். நிமிஷத்துக்கு 700 முதல் 750 மில்லி. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டில் ஒன்றரை, ஒவ்வொரு நிமிஷமும், தூங்கும்போதும். உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் போகிறது. சேர்த்து வைக்க மூளைக்குத் தொட்டி கிடையாது. ஓட்டம் மொத்தமாக நின்றால் பத்து விநாடி போல நினைவு தாங்கும், அவ்வளவுதான்.

டாக்டர்கள் இதை 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி என்று கணக்கு வைப்பார்கள். சராசரி 50. இருபதுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பகுதி வேலையை நிறுத்திவிடும்: கை தூக்காது, வாய் குழறும். பத்துக்குக் கீழே போனால் செல்கள் நிமிஷக் கணக்கில் சாக ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பகுதியை எங்கள் டாக்டர் "வாடின செடி" என்பார். பட்டுப்போகவில்லை, நேரத்துக்குத் தண்ணீர் விட்டால் நிமிரும். பக்கவாதம் என்றதும் எல்லோரும் ஓடுவது அந்த வாடின செடிக்காகத்தான்.

இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. 1940-களில் அமெரிக்காவில் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்ற இருவர், நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றை ஆட்களைப் பத்து நிமிஷம் இழுக்கவிட்டார்கள். மூளைக்குப் போகிற ரத்தத்திலும், கழுத்துச் சிரை வழியாகத் திரும்பி வருகிற ரத்தத்திலும் அந்த வாயு எவ்வளவு என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். மூளை பிடித்து வைத்துக்கொண்டதை, போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஓட்டம் கிடைத்துவிடும். 1948-ல் அவர்கள் அச்சிட்ட எண் 54. அதற்கும் அறுபது வருஷம் முந்தி இத்தாலியில் ஏஞ்சலோ மோஸோ என்பவர் ஆளை ஒரு தராசுப் பலகையில் படுக்கவைத்து, மனசுக்கு வேலை கொடுத்தால் தலைப்பக்கம் இறங்குகிறதா என்று பார்த்தார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசில் ஆளையே ஏற்றின மாதிரி.

மூளைக்குப் போகிற குழாய் நான்கு. முன்கழுத்தில் இரண்டு கரோடிட். பின்னால் கழுத்தெலும்பு ஓட்டைகளுக்குள் ஏறிப்போகிற இரண்டு வெர்டிபிரல். வரத்தில் பெரும்பங்கு கரோடிட் வழிதான். நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையத்தில் சேரும். 1664-ல் அதை விவரித்த தாமஸ் வில்லிஸ் பெயரில்தான் அதை இன்றைக்கும் அழைக்கிறோம். ஐந்து ரோட்டில் ஒரு பக்கம் அடைத்துவிட்டால் வண்டிகள் மறுபக்கம் சுற்றி வருவதுபோல, ஒரு குழாய் சுருங்கினால் மற்றவை வளையம் வழியாகக் கைகொடுக்கும். ஆனால் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே வளையத்தில் ஏதாவது ஒரு துண்டு மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரே அளவு அடைப்பு ஒருவரைச் சாய்ப்பதற்கும் இன்னொருவர் அது தெரியாமலே நடமாடுவதற்கும் அது ஒரு காரணம்.

கூடினால் நல்லதா?

"நார்மல் 125-ன்னு போட்டிருக்குதுங்க. இவருக்கு 260 வந்திருக்குது. அப்ப நல்லாத்தானே ஓடுது?" கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

செடிக்குத் தண்ணீர் விடுகிற ஓஸ் பைப்பின் வாயில் கட்டைவிரலை வையுங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் போகும். அதே பைப்பில் குடம் பிடித்துப் பாருங்கள், நிரம்ப முன்னைவிட நேரமாகும். வேகம் கூடிவிட்டது, வரத்து குறைந்துவிட்டது. டாப்ளர் அளப்பது அந்தச் சீறலை. ரிப்போர்ட்டை எடுத்ததும் முதலில் அலகைப் பாருங்கள். விநாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று இருந்தால் அது வேகம், ரத்தத்தின் அளவு அல்ல. எங்கள் மாமா மாதிரி சதவீதத்தைப் பார்த்தாலும் சரி, கவுண்டரில் கேட்பவர்கள் மாதிரி வேகத்தைப் பார்த்தாலும் சரி, கூடினால் கெட்டது.

இப்போது வரி வரியாக. ரிப்போர்ட்டில் வலது, இடது என்று இரண்டு பத்தி இருக்கும். சிசிஏ என்பது கீழே இருக்கிற தாய்க்குழாய். தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரியும். ஈசிஏ முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஐசிஏ மூளைக்கு. விரலை அந்த வரியில் வையுங்கள். பிஎஸ்வி என்றால் இதயம் துடிக்கிற உச்சத்தில் ரத்தம் ஓடுகிற வேகம். ஈடிவி என்றால் அடுத்த துடிப்புக்குச் சற்று முன்பு, ஓய்ந்த நேரத்தில் மிச்சமிருக்கிற வேகம்.

2003-ல் அமெரிக்க அல்ட்ராசவுண்ட் நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட எல்லைகளைத்தான் எங்கள் பக்கமும் பெரும்பாலும் பார்க்கிறோம். ஐசிஏ-யில் பிஎஸ்வி 125-க்குள் இருந்தால் குறுகல் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே. 125 முதல் 230 வரை என்றால் ஐம்பதிலிருந்து எழுபதுக்குள். 230-ஐத் தாண்டினால் எழுபதோ அதற்கு மேலோ. ஈடிவி-க்கு அதே மூன்று படிகள் 40, 100 என்ற எல்லைகளில். அப்புறம் ரேஷியோ: ஐசிஏ வேகத்தை சிசிஏ வேகத்தால் வகுத்தது. 2-க்குள், 2 முதல் 4, 4-க்கு மேல்.

ரேஷியோவை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்த எண். ஹீமோகுளோபின் 7 இருக்கிற ஒரு பெண்ணுக்கு ரத்தம் நீர்த்துப்போய் எல்லாக் குழாயிலும் வேகமாகத்தான் ஓடும். இதயம் சோர்ந்தவருக்கு எல்லா இடத்திலும் மெதுவாக ஓடும். மேலே இருக்கிற ஐசிஏ வேகத்தைக் கீழே இருக்கிற சிசிஏ வேகத்தால் வகுத்துவிட்டால் அந்தக் குழப்பம் பெருமளவு போய்விடும். அப்பாவுக்கு ஐசிஏ 262, சிசிஏ 60. வகுத்தால் 4.4. ஈடிவி 108. மூன்று எண்ணும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஒன்று மட்டும் தனியாக எகிறியிருந்தால் டாக்டரிடம் "இது ஏன் ஒத்துப்போகலைங்க?" என்று கேளுங்கள். கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு இடத்தில் இந்தக் கணக்கு கவிழும். குழாய் நூல் அளவுக்குச் சுருங்கிவிட்டால் சீறுவதற்கும் ரத்தம் இருக்காது. வேகம் மறுபடி இறங்கி நார்மல் போலக் காட்டும். பைப்பை முழுசாக நெரித்தால் சொட்டுவதுதானே மிச்சம். அதனால் எண்ணோடு நிறுத்தாமல் டாக்டர் எழுதின வர்ணனையையும் படிக்க வேண்டும்.

கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 225-க்கும் 235-க்கும் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விஷயத்தில்தான் மெஷின் ஓடுகிறது: தன்னை நோக்கி வருவதன் அலை நெருங்கும், விலகிப்போவதன் அலை விரியும். ஒலிக்கற்றை குழாயைச் சாய்வாகத்தான் தொடுகிறது. அந்தச் சாய்வை டாக்டர் திரையில் ஒரு கோடு போட்டு மெஷினுக்குச் சொல்ல வேண்டும், 60 டிகிரிக்கு மேல் போகாமல். உண்மைக் கோணம் 60 ஆக இருக்க, கோடு 65-ல் விழுந்துவிட்டால், 200 என்று வர வேண்டியது 236 என்று வரும். ஐந்து டிகிரிக்கு 18 சதவீதம் பிசகு. ஒரு படியே மாறிவிடும். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்கிற எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறையும் முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின்.

பிளாக் இரண்டு, ஸ்டீல் இரண்டு

நம் வாயில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒரே மாதிரி விழுகின்றன. குழாய்ச் சுவரில் படிகிற கொழுப்புத் திட்டையும் (plaque) பிளாக் என்கிறோம், அடைப்பையும் (block) பிளாக் என்கிறோம். "ரெண்டு பக்கமும் பிளாக்காமா, எங்கம்மா பொழைப்பாங்களா?" என்று ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அவள் அம்மாவுக்கு இருந்தது சுவரில் லேசான திட்டு. ஐம்பது, அறுபது வயது தாண்டினவர்களின் ரிப்போர்ட்டில் இது அடிக்கடி வருகிற வரி. திட்டு எவ்வளவு அடைக்கிறது என்பதுதான் அடுத்த வரியில் வருகிற சதவீதம். ஆனால் திட்டை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பேரை வீழ்த்துவது அடைப்பு கூட இல்லை. திட்டிலிருந்து பிய்ந்து மேலே போகிற துகளும் அதன்மேல் உறைகிற கட்டியும்தான். "மென்மையானது", "மேடு பள்ளமானது", "புண்ணானது" என்கிற அர்த்தத்தில் சொற்கள் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

சேலத்தில் மட்டும் நடக்கிற கூத்து இன்னொன்று. இரும்பாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவருக்கு சப்கிளேவியன் ஸ்டீல் என்று வந்தது. "முப்பது வருஷம் ஸ்டீல் பிளான்ட்ல இருந்ததனாலயா மேடம்?" என்று உண்மையாகவே கேட்டார். இந்த ஸ்டீல் (steal) இரும்பு இல்லை, திருட்டு என்று அர்த்தம். கைக்குப் போகிற குழாய் தொடக்கத்திலேயே அடைத்திருந்தால், கை தனக்கு வேண்டிய ரத்தத்தை மூளைக்குப் போகிற வெர்டிபிரலில் இருந்து உருவிக்கொள்ளும். மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கும். அதனால்தான் வெர்டிபிரல் வரியில் வேகத்தைவிடத் திசை முக்கியம். ஆன்டிகிரேட் என்றால் சரியான பக்கம் போகிறது. ரெட்ரோகிரேட் என்றால் தலைகீழ். இதற்கு வீட்டிலேயே ஒரு துப்பு உண்டு: இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தால் மேல் எண் இருபது போல வித்தியாசப்படும்.

திரையில் தெரிகிற சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் இல்லை. ப்ரோபை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிப்போவது ஒரு நிறம். எது சிவப்பு என்பதை ஒரு பொத்தானில் மாற்றிவிடலாம்.

மில்லிக்கு மாற்றிப் பார்க்கவே முடியாதா என்று கேட்டால், முடியும். குழாய் விட்டம் 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஆரம் 0.25 செ.மீ. பரப்பு 3.14 × 0.25 × 0.25, அதாவது 0.196 சதுர செ.மீ. ஒரு துடிப்பு முழுதுக்குமான சராசரி வேகம் (உச்ச வேகம் இல்லை) 20 செ.மீ. என்றால் விநாடிக்கு 3.9 மில்லி, நிமிஷத்துக்கு 235. இப்போது விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட அளந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்: 5.5. அதே வேகத்துக்கு 285. அரை மில்லிமீட்டர் பிசகுக்கு 50 மில்லி! இந்தக் காரணத்தால்தான் பெரும்பாலான ரிப்போர்ட்டில் மில்லியே வருவதில்லை.

ஸ்கேனுக்குப் போகிற அன்று

கழுத்து டாப்ளருக்கு வெறும் வயிறு வேண்டாம். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். காலர் இல்லாத சட்டை நல்லது. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் சங்கடப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். கழற்ற வேண்டாம், நெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டால் போதும். எம்ஆர்ஐ-க்குத்தான் உலோகம் ஒரு பொட்டு கூட ஆகாது. ஜெல் சில்லென்று இருக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் பேசாதீர்கள், எச்சில் விழுங்காதீர்கள், குழாய் நகர்ந்துவிடும்.

தலைக்குள்ளே இருக்கிற குழாயைப் பார்க்கிற டாப்ளர் வேறு. 1982-ல் ரூனே ஆஸ்லித் கொண்டுவந்தது. எலும்பு ஒலியைத் தின்றுவிடும் என்பதால் கன்னப்பொட்டில் எலும்பு மெலிந்த இடமாகப் பார்த்து, குறைந்த அதிர்வெண் ப்ரோபை வைத்து, 5 செ.மீ. ஆழத்தில் ஓடுகிற நடு மூளைத் தமனியைத் தேடுவார்கள். அங்கே சராசரி வேகம் 55 அக்கம்பக்கம். பத்துப் பேரில் ஒருவருக்காவது எலும்பு வழிவிடாது, வயதான பெண்களுக்கு அதிகம். "சிக்னல் கிடைக்கவில்லை" என்று வந்தால் ரத்தமே ஓடவில்லை என்று அர்த்தமில்லை, ஜன்னல் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் மூச்சை அடக்கச் சொல்லி ஒரு சோதனை செய்வார்கள். ஏன் என்று புரிய எங்கள் ஊர்க் கொலுசுப் பட்டறைதான் நல்ல உதாரணம். அந்தக் காலத்தில் பொடி வைத்து ஊதி ஊதிப் பற்றவைக்கிற ஆசாரிக்குச் சட்டென்று கண் இருட்டும், விரல் நுனி மரமரக்கும். தெம்பு போய்விட்டது என்பார்கள். வேகவேகமாக ஊதும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் சின்னக் குழாய்கள் சுருங்கும். கரியமில வாயுவின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் மூளை ஓட்டம் மூன்று சதவீதம் போல மாறும். மூச்சை 30 விநாடி அடக்கினால் இதற்கு நேர்மாறு: வாயு சேரும், குழாய்கள் விரியும், வேகம் ஏறும். ஏறவில்லை என்றால் அந்தக் குழாய்கள் ஏற்கெனவே முழுசாக விரிந்து, கடைசி இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். காசில்லாமல் மூளையைக் கேள்வி கேட்கிற மாதிரி.

இந்த டாப்ளருக்கும் எம்ஆர்ஐ ஓட்டப் படத்துக்கும் முன்னால் காபி வேண்டாம். 250 மில்லிகிராம் காபின், அதாவது இரண்டு மூன்று கப், மூளை ஓட்டத்தைக் கால் பங்கு போலக் குறைத்துவிடும். இதை ஏற்காட்டுக்காரர்களிடம் சொன்னால் முறைப்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையில் நட்டுவைத்த செடி, இன்றைக்கு எங்கள் ரீடிங்கைக் கெடுக்கிறது. அந்த ஒரு காலை மட்டும்தான் விடச் சொல்கிறேன். தினப்படிக் குடிக்கிறவருக்குப் பயமில்லை.

வீட்டில் பார்க்க முடிந்தது

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டுவதால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று சொல்ல முடியாது. லாரியில் சரக்கு இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். லாரி ஓடுகிறதா என்று சொல்லாது. வீட்டில் உருப்படியான கருவி பிரஷர் மெஷின்தான்.

எழுந்ததும் தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு இதைச் செய்யுங்கள். காபியும் பீடியும் இல்லாமல் அரை மணி நேரம். ஐந்து நிமிஷம் படுக்கவைத்துப் பிரஷர் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கச் சொல்லுங்கள்; பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்றாவது நிமிஷத்தில் ஒன்று. கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கிப் பிடியுங்கள். மேல் எண் இருபதோ, கீழ் எண் பத்தோ இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரஷர் மாத்திரை கூடிப்போயிருக்கலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம், சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கலாம். நிற்கும்போது மூளை இதயத்துக்கு ஒரு அடி மேலே இருக்கிறது. அந்த ஒரு அடி ஏறுவதற்கே இருபது சொச்சம் அழுத்தம் செலவு.

அந்த இரண்டு எண்ணில் மூளைக்கு எவ்வளவு என்றால்: மேலே இருந்து கீழே கழித்து, மூன்றால் வகுத்து, கீழ் எண்ணோடு கூட்டுங்கள். 120/80 என்றால் 93. அதிலிருந்து மண்டைக்குள் இருக்கிற அழுத்தம் பத்தைக் கழித்தால் 83. மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளுகிற விசை இதுதான். இந்த 93 என்பது 60-க்கும் 150-க்கும் இடையில் எங்கே ஆடினாலும் நலமான மூளை குழாய்களைத் தானே சுருக்கி விரித்து வரத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் பிரஷர் ஏறிப்போனவருக்கு இந்த எல்லையே மேலே நகர்ந்துவிடும். அவருக்கு ஒரே நாளில் பிரஷரை மடமடவென்று இறக்கினால் மயங்கி விழுவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. நாடி பார்க்கிறேன் என்று இரண்டு பக்கக் கழுத்தையும் ஒரே நேரத்தில் அமுக்காதீர்கள், வயதானவருக்குத் தேய்த்தும் விடாதீர்கள்.

சிடி, எம்ஆர்ஐ

இது என் அறை. கையில் 18 அல்லது 20 நம்பர் ஊசி போட்டு, அயோடின் மருந்தை விநாடிக்கு 4 முதல் 6 மில்லி வேகத்தில் தள்ளுவோம். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போல இருக்கும், போயிருக்காது, அசையாதீர்கள். படம் ஒரு நிமிஷ வேலை. முன்கூட்டியே சொல்ல வேண்டியது: கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தச் சோதனை) எவ்வளவு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்பு இந்த மருந்துக்கு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா.

வருகிற கலர் படங்களைப் புரிந்துகொள்ள ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்நேரமும் 400 பேர் நிற்கிறார்கள். ஒருவர் நுழைந்து வெளியே வர ஐந்து நிமிஷம். அப்படியானால் நிமிஷத்துக்கு 80 பேர் தரிசனம். உள்ளே நிற்கிற கூட்டம் சிபிவி. ஒருவருக்கு ஆகிற நேரம் எம்டிடி. வகுத்து வருவது சிபிஎஃப், நாம் தேடுகிற ஓட்டம். மூளையில் 100 கிராமுக்கு 4 மில்லி ரத்தம் நிற்கிறது, கடக்க 5 விநாடி ஆகிறது என்றால் நிமிஷத்துக்கு 48. பழைய ஐம்பதுக்கு வந்துவிட்டோம். டிமேக்ஸ் என்று ஒன்று இருந்தால் அது தாமதம். ஆறு விநாடிக்கு மேல் தாமதமான இடம் வாடின செடியாக இருக்கலாம். ஓட்டம் நல்ல பகுதியில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம் பட்டுப்போனதாகக் கணக்கு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒரு வண்ணம்.

எம்ஆர்ஐ-யில் மருந்தே இல்லாமல் கழுத்தில் ஓடுகிற ரத்தத்துக்குக் காந்தத்தால் அடையாளம் போட்டு, மேலே போய்ச் சேருவதைப் படம் பிடிக்கிற முறை உண்டு. கிட்னி சரியில்லாதவர்களுக்கு வசதி.

எடுக்க வேண்டியவர், எடுக்க வேண்டாதவர், எடுக்க நேரமில்லாதவர்

ஏற்காடு போய் வந்ததும் தலை சுற்றுகிறது என்று கழுத்து டாப்ளருக்கு வருகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் காது கலங்காமல் என்ன செய்யும்? மலை உயரம் 1,500 மீட்டர் சொச்சம். மூளை ஓட்டத்தை மாற்றுகிற அளவுக்கு அங்கே ஆக்சிஜன் குறைவதில்லை. தனியாக வருகிற தலைசுற்றலுக்குக் கரோடிட் அடைப்பு காரணமாக இருப்பது அபூர்வம். அறிகுறி இல்லாத எல்லோருக்கும் பேக்கேஜில் சேர்த்து எடுப்பதை அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு வேண்டாம் என்கிறது, கடைசியாக 2021-ல். என் சம்பளத்துக்கு இது நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

எடுக்க வேண்டியவர் எங்கப்பா மாதிரி ஆள். குழித்தறியில் வெண்பட்டு வேட்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நாடா இழுக்கிற கயிறு வலது கையில் நிற்கவில்லை. பத்து நிமிஷம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுத்தார். வலது கையை ஓட்டுவது இடது மூளை, அதனால் இடது கழுத்து. சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் கடை ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டி, தானே விலகும். அதற்கு அடைப்பு அதே பக்கம். வந்து போய்விட்டதே என்று விடுவதுதான் ஆபத்து. 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இப்படி அறிகுறி காட்டி எழுபதுக்கு மேல் அடைத்தவர்களில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு அந்தப் பக்கப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு. மருந்துகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் ஆபரேஷன் என்று முடிவானால் அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம். பீரோவில் போன 12 நாளை நான் மறக்காதது அதனால்தான்.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறி, அது போகாமல் நிற்கிறது என்றால் பிரஷர் மெஷினைத் தேடாதீர்கள், டாப்ளருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. முதலில் சிடி எடுத்து மூளையில் ரத்தம் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் போடுவார்கள். மலைமேல் இருப்பவர்கள் இறங்குகிற ஒரு மணி நேரத்தையும் அதில் கழிக்க வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது.

அப்பாவுக்குக் கோவையில் திட்டைச் சுரண்டி எடுத்தார்கள். 16 வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் டாக்டரிடமே படுக்கவைக்கிறேன். இந்த முறை இடது ஐசிஏ 92. ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்: "போன தடவை தொண்ணூத்தெட்டு இல்ல? ஆறு கொறஞ்சிருச்சே பாப்பா."

"அது கோணம் மாறினா வர்ற வித்தியாசம்ப்பா. இல்லாட்டியும் கொறஞ்சா நல்லதுதான்."

"அதெப்புடி நல்லதாகும், நூல் கணக்குல கொறஞ்சா முதலாளி கூலியில புடிக்கிறாரு," என்றபடி சட்டைப் பித்தானைப் போட்டார். வலது கையால்.